கவலைக்குப் பங்காளிகள்

2021 ஜூலையில் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். யார் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது, எந்தக் கைப்பிள்ளைக்குப் பால்மாவு இல்லை, சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிவர யாரிடம் மோட்டார் இருக்கிறது, இதற்கு மட்டும்தான் அந்தக் குழு. வேறு எதையும் போடக்கூடாது என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். நள்ளிரவில்கூடத் தொலைபேசி முனகிக்கொண்டே இருக்கும். பின் லோரோங்கில் மூன்றாவது வீடு, முட்டை மட்டும் போதுமாம் என்று ஒருவர் போடுவார். கொஞ்ச நேரத்தில் 'ஆச்சு' என்று இன்னொருவர் பதில் போடுவார். நோய் அடங்கியது, கட்டுப்பாடுகள் போயின, குழுவை மட்டும் யாரும் கலைக்கவில்லை. இப்போது அதில் விடிவதற்கு முன்பே ஒரு தாமரைப் பூ வந்துவிடுகிறது. பூவுக்குக் கீழே ஒரு வாசகம். வார்த்தை மாறினாலும் பொருள் ஒன்றுதான்: காலம் கெட்டுக் கிடக்கிறது, கவலையை விடுங்கள், அன்பாக இருங்கள். பதிலுக்குக் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். கவலையை விடுவது நல்லதுதான். அன்பாக இருப்பது அதைவிட நல்லது. இருந்தும் உறுத்துகிறது. முட்டை கேட்ட இடத்தில் தாமரை பூத்திருப்பதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வதா, எதையோ தொலைத்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் போய்க் கவலையை விடு என்று சொல்பவர்கள், அந்தக் கவலை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம். என் அம்மா பால்மரம் வெட்டுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. இன்னும் நாலு மணிக்கு எழுந்துவிடுவார். பின்கதவைத் திறந்து, உள்ளங்கையை இருட்டுக்குள் நீட்டி, தூறல் விழுகிறதா என்று பார்ப்பார். பால்மரத்தின் பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் கோட்டோடு இறங்கி மங்குக்கு வராமல் தண்டு முழுக்கப் பரவி மண்ணுக்குப் போய்விடும். வெட்டி முடித்தபின் மழை பிடித்துக்கொண்டாலும் அதே கதிதான். மங்கில் இருக்கும் பாலும் வெள்ளைத் தண்ணீராக வழிந்துவிடும். அன்றைய கூலி போச்சு, அல்லது பாதிக்குப் பாதி. மாசி பங்குனியில் மரங்கள் இலை உதிர்க்கும்போது பால் சுண்டும், கூடவே சம்பளமும் சுண்டும். உளி தீட்டுவதும் வாளி கழுவுவதும் வேலையென்றால், நாலு மணிக்குக் கை நீட்டுவதும் வேலைதான். அதற்குச் சம்பளம் கிடையாது, அவ்வளவே. ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கடுத்த காரியம். தோட்டத்தில் இருந்த காலத்தில், மழை இல்லை என்று தெரிந்ததும் அம்மா அடுத்த வீட்டுக்கு நடுவிலிருந்த தடுப்புப் பலகையை ரெண்டு தட்டுத் தட்டுவார். 'வானம் வெளுத்திருக்கு, எந்திரிங்க' என்பார். லயத்தில் அந்தத் தடுப்பு கூரையைத் தொடாது. ஒரு வீட்டு இருமல் நாலு வீட்டுக்குக் கேட்கும், ஒரு வீட்டுச் சண்டையும் அப்படித்தான். அடுத்த வீட்டம்மா ஜுரத்தில் கிடந்தால் அவருடைய வரிசையையும் சேர்த்து வெட்டிவிட்டு வருவது பற்றிப் பலகைக்கு மேலாகவே பேசி முடிவாகும். தோட்டம் நந்தவனமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பலகை வழியாக வந்த பொறாமையும் வம்பும் எனக்குத் தெரியும். கவலை அங்கே ஒரே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க முடியாது, அதைத்தான் சொல்கிறேன். தாமான் வீட்டுச் சுவர் சிமெண்டு. அம்மாவின் கை காய்ந்த உள்ளங்கையோடு திரும்பி வருகிறது. சொல்வதற்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, டிவியைப் போட்டு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கவலை பரம்பரையாக வரக்கூடியதா? மருத்துவர்கள் என்ன சொல்வார்களோ, எங்கள் கெடா மாநிலத்தில் அதற்குச் சாட்சிகள் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் எடுத்தபோது, 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாவின் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதே அக்டோபரில் ஜப்பான் கெடாவைத் தூக்கிச் சயாமிடம் கொடுத்தது. புருஷனும் மகனும் சயாமுக்குப் போய்த் தகவல் இல்லாமல் இருக்க, இங்கே இருந்தவர்களின் காலடி மண்ணே சயாமாகிவிட்டிருக்கிறது. சுங்கைப்பட்டாணிக்காரரான கோ. புண்ணியவான் 'கையறு' நாவலை எழுதியது இந்தப் பாதையைப் பற்றித்தான். அந்தத் தலைமுறைக்குப் 'பெயர் எழுதிக்கொள்கிறார்கள்' என்ற பேச்சே வயிற்றைக் கலக்கும். பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்களைக் கூறு போட்டு விற்றபோது லயமும் கோயிலும் பள்ளிக்கூடமும் எந்தக் கூறில் விழும் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. பிறகு 1969. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் கடுமையானபோது ஏறத்தாழ 60,000 பேர் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். போகாமல் தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்தார்கள். சிலர் அதோடேயே செத்தும் போனார்கள். இந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு, அரசு முத்திரை போட்ட உறை வந்தால் பிரிப்பதற்கு முன்பே கை வியர்க்கும். தாமரைப் பூ வாசகத்தை எழுதியவர் எந்த வீட்டில் வளர்ந்தவர் என்று நான் யோசிப்பது இதனால்தான்.

ஆனாலும் கவலைக்காக வக்காலத்து வாங்கி ஒரு கட்டுரை எழுதிவிட முடியாது. அது என்ன செய்யும் என்று 2020இல் இதே மாநிலம் காட்டிவிட்டது. அந்த ஜூலையில் தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து திரும்பிய நாசி கண்டார் கடைக்காரர் ஒருவர், பதினான்கு நாள் வீட்டில் தனித்திருக்க வேண்டியவர், வெளியே போனார், தன் கடைக்கும் போனார். கடை இருந்தது குபாங் பாசு மாவட்டத்து நாப்போவில். நோய் பரவியது, கடைசியில் 45 பேருக்கு வந்ததாகக் கணக்கு. ஆகஸ்டு 13ஆம் தேதி அலோர் ஸ்டார் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தது. அவர் செய்தது தவறு. அவரால் நோய்வாய்ப்பட்டவர்களின் வீட்டில் நின்றுகொண்டு அவருக்காகப் பரிந்து பேச என்னால் முடியாது. ஆனால் அந்த வாரங்களில் ஊர் பேசிய பேச்சு அவருடைய தவறைப் பல மடங்கு பெரிதாக ஊதிவிட்டது. அந்தத் தொற்றுத் திரளுக்கே 'சிவகங்கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைரசின் அந்த வகை பத்து மடங்கு வேகமாகப் பரவும் என்று சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநர் அறிவித்தார். உண்மையில் அந்த வகை அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே உலகெங்கும் பரவியிருந்த ஒன்று. எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களின் தாத்தா ஊர் சிவகங்கைச் சீமையில்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் ஊர்ப்பெயர் இரண்டே வாரத்தில் நோயின் பெயராகிவிட்டது. தமிழ் பேசும் கடைக்காரர் யாராக இருந்தாலும் விலகி நின்று காசை நீட்டினார்கள். நீட்டியவர்களில் தமிழர்களும் உண்டு. நாம் அந்த ஆட்கள் இல்லை, அவர்கள் மாமாக் முஸ்லிம்கள், நாம் வேறு என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்த குரல்கள் என் காதில் இன்னும் இருக்கின்றன. பயந்தவன் எப்போதும் தன்னைவிடப் பயந்தவனைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறான். கவலை நம்மை மென்மையாக்கும் என்று நினைக்கிறோமே, அது பாதிதான் சரி. நம் பிள்ளை, நம் வீடு, நம் வாசல்படி என்ற வட்டத்துக்குள் மென்மையாக்கும். படிக்கு அந்தப் பக்கம் நிற்பவன் அந்த நேரத்தில் வெறும் ஆபத்து.

அதே ஆகஸ்டில் இன்னொரு செய்தியும் வந்தது. தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சர் ஜூலையில் துருக்கி போய்த் திரும்பியவர், வீட்டில் தனித்திருக்காமல் நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கிறார். அவருக்கு 1,000 வெள்ளி அபராதம், சிறை கிடையாது. ஊர் கொதித்தது, நியாயமான கொதிப்புதான். எனக்கு வேறொன்று தோன்றியது. கருணை என்று ஒன்று நாட்டில் இல்லாமல் இல்லை. 'மனுஷன்தானே, தப்பு நடந்திருக்கும்' என்ற அந்த மெத்தையான வார்த்தை யாருக்காகவோ எப்போதும் விரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அன்பாக இருங்கள் என்ற வாசகத்தில் யாரிடம் என்ற சொல் விடுபட்டிருப்பதை நான் கவனிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

வெள்ளைக்கொடி அதற்கு அடுத்த வருடம். 2021 ஜூன் 1ஆம் தேதி மறுபடியும் நாடு முழுக்க முடக்கம். முதல் முடக்கத்தில் இருந்த சேமிப்பு இரண்டாவதில் கரைந்து, மூன்றாவதில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிருந்தது. அந்த வருடத்தின் முதல் ஐந்து மாதங்களில் 468 தற்கொலைகள் என்று போலீஸ் கணக்குச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதற்கும் 631. அந்தக் கட்டத்தில்தான், ஜூன் கடைசியில், 'பெண்டேரா புத்தே', அதாவது வெள்ளைக்கொடி, என்று சமூக வலைத்தளங்களில் ஒரு பேச்சு கிளம்பியது. சாப்பாட்டுக்கு வழியில்லையா, யாரிடமும் கெஞ்ச வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம், வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், பார்க்கிறவர்கள் வருவார்கள். வந்தார்கள். சீனர் மளிகைக் கடையிலிருந்து அரிசி மூட்டை போனது, மலாய்க்காரப் பையன்கள் மோட்டாரில் முட்டைத் தட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் போனார்கள், தமிழ்ப்பள்ளி வாத்தியார்கள் வேனைக் கொடுத்தார்கள். எங்கள் குழு பிறந்ததும் அந்த நாட்களில்தான். கெடா மந்திரி பெசார் முகமட் சனுசி முகமட் நோர் இதை ஏற்கவில்லை. வெள்ளைக்கொடி அரசுக்கு எதிரான பிரசாரம், மாநில அரசு அதைப் பொருட்படுத்தாது, உதவி வேண்டுமென்றால் மாவட்டப் பேரிடர் நடவடிக்கை அறைக்குப் போன் பண்ணட்டும் என்ற பொருளில் பேசினார். கிளந்தானின் பாச்சோக் நாடாளுமன்ற உறுப்பினர் இன்னும் ஒரு படி மேலே போய், கொடி ஏற்றித் தோல்வியை ஒப்புக்கொள்ளாதீர்கள், இறைவனிடம் கையேந்துங்கள் என்றார். ஊரே அவர்கள் இருவரையும் திட்டியது, நானும் திட்டினேன். இப்போது கோபம் ஆறிய பிறகு, மந்திரி பெசார் சொன்னதில் ஒரு நூல் அளவுக்கு உண்மை இருப்பதாகவும் படுகிறது. பசித்தவனுக்குச் சோறு போடுவது அரசின் கடமை என்றால், அவன் அரசைத்தானே கூப்பிட வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரன் மனசு வைத்தால் சாப்பாடு, வைக்காவிட்டால் பட்டினி என்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் அரசு அறைக்குப் போன் போட்டால் பேச வேண்டும். பெயர் சொல்ல வேண்டும், அடையாளக் கார்டு எண் சொல்ல வேண்டும், எத்தனை பேர், எவ்வளவு வருமானம் என்று சொல்ல வேண்டும். பெயரெழுதிக்கொள்கிறார்கள் என்றாலே அடிவயிறு கலங்கும் சனத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. துணிக்கு வாய் கிடையாது. அதுதான் அதன் வசதி.

எங்கள் வரிசையின் மூலை வீட்டுத் தாத்தா பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் மரம் வெட்டியவர். பாட்டி போன பிறகு தனியாக இருக்கிறார். ஜூலை மாதத்தில் ஒரு நாள் அவருடைய முன்பக்கக் கிரில்லில் வெள்ளையாக ஏதோ தொங்குவதை யாரோ படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அஞ்சு கிலோ அரிசி, சீனி, பாக்கெட் எண்ணெய், நாலு டின் சாடின், ஒரு கட்டு மேகி எல்லாம் அவர் வாசலில் இருந்தன. கொண்டுவந்த பையன் மணியடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் போய்விட்டானாம். அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தோம். மாலையில் ஒரு புத்திசாலி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, 'கரை தெரியுது பாருங்க, இது வேட்டி' என்று போட்டார். குழு இரண்டாகப் பிளந்தது. உண்மையிலேயே கஷ்டப்படுகிறவனுக்குப் போக வேண்டியதை ஏமாற்றி வாங்கிவிட்டார் என்று ஒரு கட்சி. அவர் எங்கே ஏமாற்றினார், நாம்தானே போட்டோம் என்று மறு கட்சி. திருப்பி வாங்கிவிடலாமா என்றுகூட ஒருவர் கேட்டார், அதற்கு யாரும் பதில் போடவில்லை. மறுநாள் நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்தேன். தாத்தா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, 'நான் கொடி ஒன்னும் கட்டலயே தம்பி. வேட்டி காயப் போட்டேன், அரிசி வருது' என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, 'சாடின் காரம் பத்தாது. வெங்காயம் போட்டுப் பொரட்டுனேன், பரவால்ல' என்றார். அவருக்கு அரிசி தேவைப்பட்டதா, இல்லையா? சமையலறை அலமாரியை நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்கு உரிமையும் கிடையாது. அடுத்த வாரமும் வேட்டி அதே கிரில்லில் தொங்கியது. பின்பக்கம் கொடிக்கயிறு கட்டித்தான் இருக்கிறது, வெயிலும் அங்கேதான் நன்றாக விழும். யாரும் எதுவும் கேட்கவில்லை. பையன் மட்டும் இந்த முறை வெங்காயமும் சேர்த்துக் கொண்டுபோனான் என்று பிறகு தெரிந்தது.

நான் யோசித்து யோசித்துத் திரும்பி வருவது இந்த வேட்டிக்குத்தான். கவலையை விடு என்று தாத்தாவிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய கவலையில் இரண்டு வாரத்தை எடுத்து வேறு சிலர் தங்கள் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளாதவருக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லும் தகுதி இருக்கிறதா என்பது என் சந்தேகம். இறைவனிடம் கையேந்துங்கள் என்று சொன்ன அரசியல்வாதியின் மேல் எனக்கு இருந்த எரிச்சலும் பக்தியின் மீதான எரிச்சல் அல்ல. எங்கள் சனம் கையேந்தாத நாளே கிடையாது. மரம் வெட்டப் போகும் வழியில் முனியாண்டிக்கு ஒரு சூடம், பிள்ளைக்குச் சோதனை என்றால் மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன், தைப்பூசத்துக்குப் பால்குடம். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அம்மா சொல்லும்போது அவர் கை அரிசி புடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதே வார்த்தையை மாதச் சம்பளம் தவறாமல் வரும் ஒருவர் மேலிருந்து சொல்லும்போது, அது சோறு போட மறுக்கும் மரியாதையான வழியாகிவிடுகிறது. இரண்டும் ஒரே வாக்கியம். வாக்கியத்தில் எதுவும் இல்லை, யார் வாயிலிருந்து எந்தத் திசையில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கவலையை மறக்க வைப்பதற்கென்றே தோட்டங்களில் ஒரு நிறுவனம் இருந்தது, நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: கள்ளுக்கடை. தோட்ட எல்லைக்குள்ளேயே இருக்கும். சம்பள நாளில் வரிசை நிற்கும். அன்றைய அலுப்பும் அன்றைய அவமானமும் அங்கே கரைந்துவிட்டால் மறுநாள் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் வந்து நிற்பான். நிர்வாகத்துக்கு அதைவிட மலிவான ஆறுதல் எங்கே கிடைக்கும்? யுத்தம் முடிந்ததும் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை முதலில் கை வைத்தது அதன் மேல்தான். இளைஞர்கள் அணிவகுத்துப் பழகினார்கள், சுத்தம் பேசினார்கள், சுயமரியாதை பேசினார்கள், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். ஒரு கோணத்தில் பார்த்தால் இது கொடுமை. பாவப்பட்டவனுக்கு இருக்கிற ஒரே ஆறுதலைப் பிடுங்குகிறார்களே என்று அன்றைக்கே முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். கவலையை விடாதே, குடித்துத் தொலைக்காதே, அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முழித்திரு என்பதுதான் தொண்டர் படை சொன்னது. முழித்திருந்தவன் அடுத்துக் கூலியைப் பற்றிக் கேட்டான். 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் போலீசோடு மோதலானது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சுற்றிக் கைதுகள் நடந்தன. அதே ஆண்டில் கூலிம் பக்கம் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது. கெடா எழுத்தாளர் சீ. முத்துசாமியின் 'மலைக்காடு' அந்தக் காலத்துக்குள் போகும் நாவல். படை போனது, கள்ளுக்கடை இருந்தது, பிறகு மலிவுச் சாராயமான சம்சு வந்தது. 1981இல் லூனாசில் விஷச் சம்சு குடித்துப் பலர் செத்துப்போனார்கள். கவலையை விட்டுவிடுவதற்கு விற்கப்பட்ட சரக்கில் ஒரு வகை அது. தாமரைப் பூவையும் சம்சுவையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்று என் நண்பர் சொல்கிறார். இருக்கலாம். பூ யாரையும் கொன்றதில்லை.

இதே கெடாவில் கவலைக்கு இன்னொரு பதிலும் கிடைத்திருக்கிறது, அதை ஏனோ யாரும் உணர்ச்சியோடு பேசுவதில்லை. கூட்டுறவுச் சங்கம் என்றாலே கணக்குப் புத்தக வாசனை அடிப்பதாலோ என்னவோ. தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்து ஆட்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கூலிம் மாவட்டத்துப் புக்கிட் சீடிம், 1961இல். அந்த நாளில் பத்து வெள்ளி என்றால் வீட்டில் ஏதோ ஒன்று வாங்கப்படாமல் போயிருக்கும். நாளைக்கு லயம் யாருடையது என்ற பயத்தை ஆளுக்குப் பத்து வெள்ளியாகக் கூறு போட்டார்கள். இதை அன்பு என்று சொன்னால் கட்டியவர்களே சிரிப்பார்கள், அவர்களுக்கு அது சந்தா. எனக்கென்னவோ, முன்பின் தெரியாத தோட்டத்து ஆளின் வீடு போகாமல் இருக்க இந்தத் தோட்டத்து ஆள் மாதாமாதம் கட்டிய அந்தப் பத்து வெள்ளியில், கும்பிடும் கைகள் எல்லாவற்றிலும் இருப்பதைவிடக் கூடுதலான ஈரம் தெரிகிறது. சங்கத்தைப் பற்றிப் பின்னாளில் வந்த குறைகளும் எனக்குத் தெரியும். அதற்குள் இப்போது போகவில்லை.

அன்பின் மேல் எனக்கு இருக்கும் கடைசிச் சந்தேகத்தை எழுப்பியது கெடாவின் பாலிங் மாவட்டம். 2022 ஜூலை 4ஆம் தேதி கூப்பாங்கில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மரத்தடிகளையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்து வீடுகளைச் சிதைத்தது. மூன்று பேர் இறந்தார்கள். குனோங் இனாஸ் சரிவில் டுரியான் தோட்டம் போடக் காட்டை வெட்டியதுதான் காரணம் என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது, மறுப்புகளும் எழுந்தன. வார இறுதியில் மண்வெட்டியும் பிளாஸ்டிக் வாளியும் ரப்பர் காலணியுமாக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். நாங்களும் ஒரு வாத்தியாரோடு வேனில் போனோம். எங்களுக்குக் காட்டிய வீட்டில் சேறு முழங்கால் வரை நின்றது. வாய்க்கால் சேறு போலக் கறுப்பாக இல்லை, மஞ்சளாக, மாவு பிசைந்த பதத்தில் இருந்தது. வெட்டுப்பட்ட மரத்தின் பச்சை வாடை அதில் அடித்தது. அரிசித் தோம்பு கவிழ்ந்து உள்ளே ஊறிப் புளித்திருந்தது. குளிர்பெட்டி மல்லாந்து கிடந்தது. மெத்தையை நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியவில்லை. அந்த வீட்டு மாக்சிக் பிளாஸ்டிக் பையில் கோப்பி-ஓ ஊற்றிக் கட்டி, எங்கள் ஒவ்வொருவர் கையிலும் மாட்டிவிட்டு, சேறு படாத ஒரே நாற்காலியை எங்கள் வாத்தியாருக்குப் போட்டார். அவர் உட்காரவில்லை. நான் அள்ளிக்கொண்டே, மேலே யார் நிலம், யார் அனுமதி கொடுத்தது, யாராவது மனு எழுத வேண்டாமா என்று கேட்டேன். 'மொதல்ல சேத்த அள்ளுங்க சார், அப்புறம் பேசுவோம்' என்றார் வாத்தியார். சரியான பதில்தான். சேற்றுக்குள் நின்றுகொண்டு வேறென்ன சொல்ல முடியும்? பக்கத்து வீட்டில் அள்ளிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பையன் ஒருவன் எங்கள் பேச்சை எப்படியோ புரிந்துகொண்டு, எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று தன் போன் நம்பரைச் சொன்னான். கை முழுக்கச் சேறாக இருந்ததால் வாத்தியார் அதை மனப்பாடம் செய்துகொள்வதாகச் சொல்லி இரண்டு முறை திருப்பிச் சொன்னார். மதியத்துக்கு மேல் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஒரு நிமிடம் வேலையை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தோம். பிறகு இன்னும் வேகமாக அள்ளினோம். இருட்டும் நேரத்தில் அடுப்படித் தரையின் சிமெண்டு தெரிந்தது, வேன்காரர் ஹாரன் அடித்தார். வரும் வழியில் எல்லோருக்கும் நல்ல களைப்பு. மனசு லேசாக இருந்தது என்று ஆளாளுக்குச் சொன்னோம், உண்மையாகவே லேசாகத்தான் இருந்தது. மனுவை அடுத்த வாரம் எழுதலாம் என்று முடிவானது. அடுத்த வாரம் ஹஜ்ஜுப் பெருநாள், அதற்கடுத்த வாரம் வாத்தியாரின் மகள் கல்யாணம். அந்தப் பையனின் நம்பரில் கடைசி இரண்டு எண்கள் எழுபத்தொன்றா பதினேழா என்று வாத்தியாருக்கும் எனக்கும் இன்னும் தகராறு.